பழைய மண் அணையில் கசிவு: நீர்மட்டத்தைத் தாழ்த்துவதா, குடிநீர் இருப்பைக் காப்பதா?

#1 வடிகால்

அனைவருக்கும் வணக்கம். குடிநீர் வழங்கும் ஒரு நீர்த்தேக்கத்தின் அன்றாடப் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. அணை ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள மண் கரை. கட்டி முடித்து நூறாண்டு நெருங்குகிறது. நடுவில் மிதித்துக் குழைத்த களிமண்ணாலான தடுப்புச்சுவர், அதன் இருபுறமும் அருகில் கிடைத்த மண்ணைக் கொட்டி இறுக்கிய சரிவுகள், அடியில் கரையைக் குறுக்காகக் கடந்து செல்லும் வார்ப்பிரும்புக் குழாய் என்று அந்தக் காலத்து முறைப்படி கட்டியிருக்கிறார்கள். பிற்கால அணைகளில் களிமண்ணுக்குப் பின்னால் வைக்கும் மணல் வடிபடுகை இதில் கிடையாது.

வெளிப்பக்கச் சரிவின் அடிவாரத்தில், குழாய் வெளிவரும் இடத்துக்குச் சற்று இடப்புறமாக, கோடையிலும் புல் பசுமையாக நிற்கும் ஓர் ஈரத்திட்டு நெடுங்காலமாகவே உண்டு. அதிலிருந்து இப்போது விரல் பருமனுக்கு நீர் ஓடத் தொடங்கியிருக்கிறது. நீர் தெளிவாகவே இருக்கிறது. ஆய்வுக்கு வந்த பொறியாளர்கள், காரணம் தெரியும்வரை முழு மட்டத்திலிருந்து 3 மீட்டர் தாழ்த்தி வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கு மேலே போகப்போக அகலமாகிறது என்பதால், உயரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைக் குறைத்தால் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. குடிநீர்ப் பிரிவினர் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். கசியாத மண் அணையே இல்லை என்று சொல்வதும் உண்மைதான். அப்படியிருக்க, இந்த எச்சரிக்கை அளவுக்கு மீறியதா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

#2 கரையாளர்

கசிகிறதா என்பதை விட்டுவிடுங்கள். எங்கே கசிகிறது, எவ்வளவு கசிகிறது, எதைச் சுமந்து வருகிறது, முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன மாற்றம் என்ற நான்கையும்தான் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே அளவில் ஒழுகும் கசிவை நான் பெரிதாக நினைப்பதில்லை. ஈரத்திட்டு ஓடையாக மாறியிருக்கிறது என்று நீங்கள் எழுதிய ஒரு வரி மட்டுமே எனக்குக் கவலை தருகிறது.

அளப்பதற்கு 90 பாகை வி-நாட்ச் தகடு, அதாவது V வடிவ வெட்டு வழியே நீரை ஓடவிடும் தகடு, ஒன்று போதும். தகட்டின் கூரிய அடிமுனையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் விநாடிக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் ஓடுகிறது என்று பொருள். அதுவே 10 சென்டிமீட்டரானால் நான்கரை லிட்டரை நெருங்கிவிடும். உயரம் இரட்டிக்கும்போது ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் பெருகுவதால், அளவுகோலில் ஒரு சென்டிமீட்டர்தானே ஏறியிருக்கிறது என்று யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. ஒவ்வொரு அளவையும் அன்றைய நீர்மட்டத்தோடும் மழையளவோடும் சேர்த்து எழுதி வையுங்கள். மழைநீர் சரிவில் வழிந்து தகட்டுக்கு வந்துவிட்டால் கணக்கு குழம்பும். நீர்மட்டம் ஏறும்போது கசிவும் ஏறுவது இயல்பு. ஆனால் அதே நீர்மட்டத்தில் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு அதிகமாக ஓடுகிறதென்றால், உள்ளே ஏதோ ஒரு வழி அகன்றிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

தெளிவாக இருக்கிறது என்பதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். மண் அரிப்பு நாள் முழுவதும் சீராக நடப்பதில்லை. ஒரு கட்டி பெயர்ந்து விழும் அரை மணி நேரம் கலங்கலாக வந்துவிட்டுப் பிறகு மீண்டும் தெளிந்துவிடும். அந்த அரை மணி நேரம் நள்ளிரவாக இருந்தால் பார்ப்பவர் யார்? தகட்டுக்கு முன்னால் நீர் தேங்கும் தொட்டியைச் சுத்தமாகத் துடைத்து வைத்து, சில வாரங்கள் கழித்து அடியில் என்ன படிந்திருக்கிறது என்று கையால் எடுத்துப் பாருங்கள். படிந்தது களிமண் நிறத்தில் இருந்தால் உடனே இங்கே எழுதாதீர்கள். முதலில் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

#3 ஐயப்பாடு

எதிர்க்கருத்து ஒன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்ததை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். காலையில் கசிவு தெரிந்து, நண்பகலுக்குச் சற்று முன் அணையே போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். ஆனால் அது முதன்முறை நீர் நிரப்பியபோது நடந்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் குடிநீருக்காகக் கட்டிய டேல் டைக் அணையும் 1864-இல் முதல் நிரப்பலின்போதுதான் உடைந்து 240-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. குறையுள்ள அணை தொடக்கத்திலேயே தன் குறையைக் காட்டிவிடுகிறது. நூறாண்டு நின்ற கரை இப்போது திடீரென்று ஏன் போக வேண்டும்? மூன்றில் ஒரு பங்கு குடிநீரை விட்டுக்கொடுப்பதும் மக்களுக்கு நேரும் தீங்குதானே.

#4 மண்ணியல்

ஐயப்பாடு அவர்கள் சொல்வதில் பாதி சரி. உள்ளரிப்பால், அதாவது கரைக்குள் ஓடும் நீர் மண்ணை அரித்துச் செல்வதால், உடைந்த மண் அணைகளில் பெரும்பகுதி முதல் நிரப்பலிலோ அதையடுத்த சில ஆண்டுகளிலோதான் உடைந்திருக்கின்றன. ஆனால் நூறாண்டு நின்றது என்ற சான்று, அந்த நூறாண்டில் அந்தக் கரை கண்ட சுமைகளுக்கு மட்டுமே பொருந்தும். மிச்சிகன் மாநிலத்தின் ஈடன்வில் அணை 1920-களில் கட்டப்பட்டது. 2020 மே 19 அன்று பெருமழையால் ஏரி அதுவரை எட்டாத மட்டத்துக்கு ஏறியது. நீர் கரையைத் தாண்டி வழியவே இல்லை. ஆயினும் தளர்வாக நிரப்பியிருந்த மணல் கலந்த பகுதி சில நொடிகளில் குழம்பாகிச் சரிந்துவிட்டது. ஏறத்தாழ நூறாண்டாக அந்தக் குறை அங்கேயே இருந்தது. அதைச் சோதிக்கும் நீர்மட்டம் அதுவரை வரவில்லை, அவ்வளவுதான்.

மேலும், அணை நின்றபடியே இருந்தாலும் அதன் உறுப்புகள் மூப்படைகின்றன. வார்ப்பிரும்புக் குழாய் துருவேறி மெலிகிறது. இணைப்புகளில் வைத்த ஈயம் தளர்கிறது. பட்டுப்போன மரத்தின் வேர் மக்கி வெற்றுக் குழலாகிறது. எலியும் நண்டும் வளை தோண்டுகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பால்டுவின் ஹில்ஸ் குடிநீர்த் தேக்கம் 1951-இல் கட்டி முடிந்து 12 ஆண்டுகள் நன்றாகவே இயங்கியது. அடியிலிருந்த நிலப்பிளவு மெல்ல மெல்ல நகர்ந்ததில் களிமண் விரிப்பு கிழிந்தது. 1963 டிசம்பர் 14 அன்று வடிகாலில் வழக்கத்துக்கு மாறான நீரோசையைக் காவலாளி கேட்டதிலிருந்து கரை உடைய நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஆனது. அந்த இடைவெளியில் மக்களை வெளியேற்றியதால்தான் இறப்பு ஐந்தோடு நின்றது.

இனி வடிகால் அவர்களின் அணைக்கு வருவோம். கசிவு குழாய்க்கு அருகில் இருப்பது தற்செயலாக இருக்கலாம். நான் அப்படி எண்ணிச் செயல்பட மாட்டேன். குழாயைச் சுற்றி, குறிப்பாக அதன் இரு பக்கவாட்டிலும் அடிவயிற்றிலும், மண்ணை இறுக்குவது அக்காலத்தில் மிகக் கடினம். கரை காலப்போக்கில் அமிழும்போது குழாய் அமிழாமல் நிற்பதால், அதன் பக்கங்களில் மண் தொங்கி நின்று அழுத்தம் குறைந்த ஒரு வரி உருவாகிறது. நீரின் அழுத்தம் அங்கே மண்ணின் அழுத்தத்தை மிஞ்சினால் களிமண் பிளவுபடும். கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் காங்கிரீட் வளையங்கள் வைப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. வளையத்தை ஒட்டி மண்ணை இறுக்க முடியாமல் போனதால் அது உதவியதைவிடக் கெடுத்ததே அதிகம். பிறகு அந்த முறையைக் கைவிட்டு, குழாயைச் சுற்றி மணல் வடிபடுகை வைக்கும் முறைக்கு மாறினார்கள்.

அந்த வடிபடுகையின் பணி நீரைத் தடுப்பதன்று, மண்ணைத் தடுப்பது. களிமண்ணில் விரிசல் விழும் என்று ஒப்புக்கொண்டு, விரிசல் வழியே நீர் வரட்டும், மண் துகள் வரக்கூடாது என்பதுதான் அதன் தத்துவம். மண் பொறியியலின் முன்னோடி கார்ல் டெர்சாகி வகுத்த விதிப்படி, வடிமணலில் எடையளவில் 15 விழுக்காடு எந்த அளவைவிட நுண்ணியதோ, அந்த அளவு, காக்கப்படும் மண்ணில் 85 விழுக்காடு எந்த அளவைவிட நுண்ணியதோ அதன் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது. உங்கள் அணையில் இந்தக் கடைசி அரண் இல்லை. அரிப்பு தொடங்கினால் நடுவில் நிறுத்துவதற்கு எதுவுமில்லை என்பதால்தான் பொறியாளர்கள் நீர்மட்டத்தில் கை வைத்திருக்கிறார்கள். நீரைத் தள்ளும் விசையைக் குறைக்க, தோண்டாமல் துளைக்காமல் உடனடியாகச் செய்யக்கூடியது அது ஒன்றே.

#5 புதியவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெளியே வரும் ஓட்டையில் களிமண்ணையோ சிமென்டையோ வைத்து நன்றாக அடைத்துவிட்டால் என்ன?

#6 கரையாளர்

எக்காரணம் கொண்டும் கூடாது, தம்பி. வெளிவாயை அடைத்தால் நீர் உள்ளே நின்று அழுத்தத்தைக் கூட்டும். பிறகு நீங்கள் பார்க்காத வேறோர் இடத்தில் பீறிடும். அடைப்பதென்றால் நீர் நுழையும் பக்கத்தில்தான் அடைக்க வேண்டும், அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. வெளிப்பக்கத்தில் செய்யத்தக்கது, முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று படிப்படியாகப் பருமனாக்கிக் கொட்டுவதுதான். நீர் வெளியேறும், மண் நிற்கும், மேலிருக்கும் பாரம் அடிவாரத்தை அழுத்திப் பிடிக்கும். தரையில் மணல் கொதிப்பது போல் ஊற்றெடுத்தால், அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே நீரை உயரவிடுவார்கள். உயர்ந்த நீர் எதிர் அழுத்தம் கொடுப்பதால் மண் வருவது குறையும். அங்கும் நீரை முழுவதும் நிறுத்துவதில்லை.

#7 தெளிநீர்

நான் சுத்திகரிப்பு நிலையத் தரப்பிலிருந்து எழுதுகிறேன். 3 மீட்டர் தாழ்த்துவதைக் கொள்ளளவுக் கணக்காக மட்டும் பேசுகிறீர்கள். எங்களுக்கு அது தரக் கணக்கும்கூட. வெப்பக் காலத்தில் ஆழமான தேக்கத்தின் நீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடுகிறது. மேலடுக்கு வெதுவெதுப்பாக, உயிர்வளியோடு இருக்கும். கீழடுக்கில் உயிர்வளி தீர்ந்து, அடிச்சேற்றிலிருந்து இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும்; நிலைமை முற்றினால் அழுகிய முட்டை நாற்றமும் சேரும். நீரெடுப்புக் கோபுரத்தில் மேல், நடு, கீழ் என்று வாய்கள் வைத்திருப்பதே நல்ல அடுக்கைத் தேர்ந்தெடுப்பதற்காகத்தான். மட்டம் 3 மீட்டர் இறங்கினால் மேல்வாய் நீருக்கு வெளியே நிற்கும். நடுவாயின் கதவு இயங்காவிட்டால் எங்களுக்குக் கிடைப்பது கீழ்நீர் மட்டுமே.

மாங்கனீசைச் சாதாரண வடிகட்டலில் நீக்க முடியாது. முன்கூட்டியே ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். கவனிக்காமல் விட்டால் குழாய்களின் உட்சுவரில் கறுப்பாகப் படிந்து, பிறகொரு நாள் வீடுகளில் மைபோல் வந்து விழும். புகார்களுக்குப் பதில் சொல்வது அணைக்கரையில் நிற்பவர்கள் அல்லர்! இன்னொன்று, நீர் வடிந்த கரையோரச் சேறு வெயிலில் வெடித்துக் கிடக்கும். அடுத்த மழை அதை அப்படியே கழுவி உள்ளே கொண்டுவரும். கலங்கலைத் தெளியவைக்கும் படிகாரத்தின் அளவை அன்றன்றைக்கு ஜாடிகளில் நீரெடுத்துச் சோதித்து மாற்ற வேண்டியிருக்கும்.

இதை எதிர்ப்பாக எழுதவில்லை. தாழ்த்துவதென்றால் அடுக்குகள் கலந்திருக்கும் குளிர்ந்த பருவத்தில் மெல்லத் தாழ்த்துங்கள். அதற்கு முன் மூன்று வாய்களின் கதவுகளையும் திறந்து மூடிப் பார்த்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

#8 கரையாளர்

மெல்ல என்பதை அணைக்காகவும் வலியுறுத்துகிறேன். நீரை வேகமாக இறக்கினால், நீர்ப்பக்கச் சரிவின் மண்ணுக்குள் ஊறிய நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே நிற்கும். வெளியே தாங்கிப் பிடித்த நீரோ போயிருக்கும். சரிவு அப்படியே வழுக்கும். வழக்கமான காலத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் என்று பல இடங்களில் வரம்பு வைத்திருக்கிறார்கள். களிமண் மிகுந்த பழைய கரைக்கு அதையும் பொறியாளர் சரிபார்க்க வேண்டும். உடைப்பு கண்ணெதிரே நிற்கும்போது மட்டும் இந்த வரம்பை மீற வேண்டியிருக்கும்.

#9 வடிகால்

அனைவருக்கும் நன்றி. விவாதத்துக்குத் தேவையான இரண்டு செய்திகளை முன்பே எழுதியிருக்க வேண்டும். தேக்கத்து நீரை இறக்குவதற்கான அடிமதகின் வால்வு பல ஆண்டுகளாக முழுமையாகத் திறக்கப்படவில்லை. திறந்தால் மூட முடியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் எனக்கு முன்பிருந்தவர்கள் கால்வாசிக்கு மேல் தொடவில்லை. அடுத்து, வெளிப்பக்கச் சரிவில் பெரிய மரங்கள் சில நிற்கின்றன.

#10 மண்ணியல்

வால்வு பற்றிய செய்திதான் இந்த இழையிலேயே மிகவும் கவலைக்குரியது. கசிவைவிடவும் என்று சொல்வேன். நீர்மட்டத்தை இறக்கும் திறன் இருக்கும்வரை எந்தக் குறையையும் ஆராய அவகாசம் உண்டு. அது இல்லாத அணையில் சிறு குறைகூட அவசர நிலைதான்.

1971 பிப்ரவரி 9 நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கீழ் சான் ஃபெர்னாண்டோ அணையின் நீர்ப்பக்கச் சரிவு, கரையின் உச்சியான முகட்டோடு சேர்ந்து நீருக்குள் வழுக்கி விழுந்தது. அன்று நீர்மட்டம் முகட்டிலிருந்து சுமார் 11 மீட்டர் கீழே இருந்தது. சரிவுக்குப் பின் எஞ்சிய கரை நீருக்கு மேல் ஏறத்தாழ 1.5 மீட்டர் மட்டுமே நின்றது. கீழே வாழ்ந்த சுமார் 80,000 பேரை வெளியேற்றிவிட்டு, இருந்த வழிகளில் நீரை இறக்கினார்கள். தேக்கம் நிறைந்திருந்தால் அந்த வாய்ப்பே வந்திருக்காது. 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டாட்புரூக் அணையில் உபரிநீர் வழியின் காங்கிரீட் பலகைகள் பெயர்ந்தபோது, ஹெலிகாப்டரில் கல்மூட்டை கொண்டுவந்து போட்டுக்கொண்டே ஏராளமான பம்புகளை வரவழைத்து நீரை இறைக்க நேர்ந்தது. பம்பு வாடகைக்கு எடுப்பதை நம்பி ஓர் அணையை நடத்தக்கூடாது.

#11 ஐயப்பாடு

நீர்மட்டத்தை இறக்கும் திறனே இல்லை என்றால் என் எதிர்ப்பின் வலு குறைகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் இன்னொரு கவலை இருக்கிறது. தற்காலிகத் தாழ்வு என்று தொடங்குவது நிரந்தரமாகிவிடும். மட்டம் இறங்கியதும் கசிவு நின்றுவிடும். கசிவு நின்றதும் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வராது. லிபியாவின் தெர்னா நகருக்கு மேலிருந்த இரண்டு அணைகளிலும் பழுது இருப்பது தெரிந்தே இருந்தது. சீரமைப்புப் பணி 2011-இல் நின்றது. 2023 செப்டம்பரில் இரண்டும் ஒரே இரவில் போய் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். எனவே தாழ்த்தும் ஆணையில், எந்தெந்த ஆய்வு எப்போது முடியும், எந்த முடிவு வந்தால் மட்டம் மீண்டும் உயரும் என்பதையும் எழுத வேண்டும். வெறும் ‘மறு உத்தரவு வரும்வரை’ என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

#12 கரையாளர்

இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

மரங்களைப் பற்றி ஒரு சொல். ரம்பம் எடுத்து அறுத்துத் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். அடிமரம் மண்ணில் கிடந்து மக்கினால் வேர்கள் இருந்த இடமெல்லாம் நீர் நுழையும் குழல்களாகும். பெரிய மரமென்றால் வேர்க்கட்டியோடு தோண்டி எடுத்து, குழியை அடுக்கடுக்காக மண்ணிட்டு இறுக்க வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் காலம் அதற்கும் உகந்தது. நிழல் தருகிறதே என்று வருந்துபவர்கள் அடிவாரத்துக்கு அப்பால் நட்டுக்கொள்ளட்டும்.

முகட்டின் மட்டத்தையும் அளந்துவிடுங்கள். பழைய கரைகள் நடுவில் அமிழ்ந்திருக்கும். வரைபடத்தில் உள்ள உயரம் தரையில் இருப்பதில்லை. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு-2 அணையில், உபரிநீர் வழிகளின் திறனை விஞ்சிய வெள்ளம் இருபுறத்து மண் கரைகளின்மேல் வழிந்து அவற்றைக் கரைத்துவிட்டது. நடுவிலிருந்த கற்கட்டு மட்டும் நின்றது. மண் கரையில் வழிய நினைக்கும் வெள்ளம் மிகத் தாழ்ந்த இடத்தைத்தான் முதலில் தேடும்.

#13 வடிகால்

வால்வு வல்லுநர்களை வரவழைத்துச் சோதித்தோம். நீரெடுப்புக் கோபுரத்தில், குழாய்க்குள் நீர் நுழைவதையே நிறுத்தும் காவல் வால்வு மூடுகிறது என்பது ஆறுதல். அதை இரவு முழுவதும் மூடி, கரைக்குள் செல்லும் குழாயை வெறுமையாக்கி வைத்தோம். நீர்மட்டம் மாறாதிருக்க, வி-நாட்ச்சில் ஓட்டம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. காலையில் குழாயில் நீர் விட்டதும் மீண்டும் ஏறியது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

#14 மண்ணியல்

மிக நல்ல சோதனை. குறைந்த பாதி, குழாயிலிருந்தே கரைக்குள் கசிகிறது. அழுத்தத்தோடு ஓடும் குழாய் கரையின் நடுவில் ஒழுகுவது, களிமண் சுவரைச் சுற்றிக்கொண்டு நீரை நேரே வெளிச்சரிவுக்கு அனுப்புவதற்குச் சமம். குறையாத பாதி தேக்கத்து நீராகவோ மலைச்சரிவின் நிலத்தடி நீராகவோ இருக்கலாம். இரண்டின் மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம்.

அடுத்து, குழாய்க்குள் கேமரா செலுத்தி எந்த இணைப்பில் குறை என்று பார்க்கச் சொல்லுங்கள். குழாய் வெறுமையாக இருக்கும்போது வெளியிலிருந்து உள்ளே நீரோடு மண்ணும் வருகிறதா என்பதை அந்தப் படத்தில் கூர்ந்து கவனிக்க வேண்டும்; மண் வந்தால் குழாயே அரிப்பின் வெளிவாயாகிவிட்டது என்று பொருள், அப்போது 3 மீட்டர் போதாது. மண் வரவில்லையென்றால், உள்ளே புதிய குழாய் செருகி இடைவெளியைக் கலவையால் நிரப்புவதும், வெளிமுனையைச் சுற்றி மணல் வடிபடுகை அமைப்பதும் பெரும்பாலும் போதுமானவை. அதுவரை நீரெடுப்பைக் காவல் வால்வால் கட்டுப்படுத்தி, கீழ்முனை வால்வைத் திறந்தே வைத்து, குழாயில் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#15 தெளிநீர்

குழாயை மூடும் நாட்களில் எங்களுக்கு மாற்று வழி வேண்டும். கோபுரத்தின் நடுவாயிலிருந்து நீரை மேலேற்றி மறுபக்கம் இறக்கும் சைஃபன் குழாயை முகட்டின்மேல் போட முடியுமா?

#16 கரையாளர்

போடலாம். கரையைத் துளைக்காமல் நீரெடுக்க அதுவே எளிய வழி. ஆனால் காற்றழுத்தத்தை நம்பி ஏறும் நீர் என்பதால், தேக்கத்தின் மட்டத்திலிருந்து குழாயின் உச்சிவரை நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். 3 மீட்டர் தாழ்த்திய பிறகு, முகட்டுக்கும் நீருக்கும் உள்ள உயரத்தை அளந்து சொல்லுங்கள். குழாயின் விட்டத்தை அதற்கேற்பக் கணக்கிடலாம்.